முதலில் வெளிச்சம், அப்புறம்தான் சத்தம்

ராக்கெட் ஏவுவதை நேரில் பார்ப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கே: ராக்கெட் ஏவுவதைப் பார்க்க எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும்? கிட்டப் போகப் போக நல்லதுதானே?

ப: கிட்டப் போவது நம் கையில் இல்லை. ஏவுதளத்தைச் சுற்றி யாருமே இருக்கக் கூடாத வட்டம் ஒன்றைப் போட்டுவிடுவார்கள். ராக்கெட்டில் எத்தனை டன் எரிபொருள், அது என்ன ரசாயனம், வெடித்தால் சிதறல் எங்கே விழும், நச்சுப்புகை எந்தப் பக்கம் போகும் என்றெல்லாம் கணக்குப் பார்த்துப் போடுகிற வட்டம் அது. அமெரிக்காவின் கென்னடி விண்வெளி மையத்தில் பத்திரிகையாளர்களுக்கே ஏறக்குறைய 5 கி.மீ. தள்ளித்தான் இடம். பொதுமக்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் 6 முதல் 20 கி.மீ.

இந்தத் தூரத்தில் ராக்கெட் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். கையை முழுவதும் நீட்டிச் சுண்டுவிரலை நிமிர்த்துங்கள். அதன் அகலம் வானத்தில் சுமார் 1 டிகிரி. 44 மீட்டர் உயரமுள்ள இஸ்ரோவின் பிஎஸ்எல்வி ராக்கெட் 10 கி.மீ. தள்ளி நின்றால் வெறும் கால் டிகிரி, அதாவது சுண்டுவிரல் அகலத்தில் நாலில் ஒரு பங்கு, முழுநிலாவில் பாதி. 'இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்' என்று தோன்றும். கிளம்பிவிட்டால் கதையே வேறு. நெருப்பும் புகையும் சேர்ந்து ராக்கெட்டைவிடப் பல மடங்கு நீளும். அது 50 கி.மீ.யிலும் கண்ணில் படும்.

தூரத்தால் மாறுவது உருவத்தைவிடச் சத்தம்தான். ஒலி ஒரு கி.மீ. கடக்க ஏறக்குறைய 3 விநாடி ஆகும். 6 கி.மீ. என்றால் 18 விநாடி, 10 கி.மீ. என்றால் அரை நிமிடம், 20 கி.மீ. என்றால் ஒரு நிமிடம். முதல்முறை பார்ப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். வெளிச்சம் வந்துவிட்டது, ராக்கெட் ஏறிக்கொண்டிருக்கிறது, சுற்றிலும் காகம் கரைவதுகூடக் கேட்கிறது. ஏதோ கோளாறு என்று நினைக்கும்போதுதான் உறுமல் வந்து சேரும். அருகில் நிற்பவர்களுக்கு அந்த உறுமலின் மேல் முரட்டுத் துணியைக் கிழிப்பது போல ஒரு படபடப்பும் கேட்கும். அது கீச்சென்ற உயர் அதிர்வெண் ஒலிகளால் ஆனது. காற்று முதலில் விழுங்குவது அவற்றைத்தான். ஆகவே தூரம் கூடக் கூட அடித்தொண்டை உறுமல் மட்டுமே மிஞ்சும்.

இன்னொன்று, சத்தத்தின் உச்சம் கிளம்பிய நொடியில் இல்லை. அப்போது சுடர் தளத்துக்கு அடியில் உள்ள பள்ளத்துக்குள் பாய்கிறது. அதன்மேல் தண்ணீரையும் கொட்டுகிறார்கள். அமெரிக்க ஸ்பேஸ் ஷட்டிலுக்கு இதற்கென்றே வைத்திருந்த தொட்டியின் கொள்ளளவு சுமார் 11 லட்சம் லிட்டர். ராக்கெட் தளத்தை விட்டு மேலேறியபின், மறைப்பே இல்லாமல் வருகிற சத்தம்தான் நெஞ்சுக்கூட்டை அதிரவைக்கும். கிளம்பும்போது தளத்தில் வெண்மையாகத் திரளும் மேகத்தில் ஒரு பகுதி இந்தத் தண்ணீர் ஆவியானது.

சுருக்கமாக, 15 கி.மீ.க்குள் இடம் கிடைத்தால் போதும். ஏழா எட்டா என்று அலையாமல், ஏவுதளத்தின் அடிப்பாகம் மரத்தின் மறைவில்லாமல் தெரிகிறதா என்று பாருங்கள். 7 கி.மீ.யில் தோப்புக்குப் பின்னால் நிற்பவரைவிட, 12 கி.மீ.யில் நீர்ப்பரப்புக்கு எதிர்க்கரையில் நிற்பவருக்கே முழுக்காட்சி. முதல் பத்து விநாடிகள் அவருக்குத்தான் கிடைக்கும்.

கே: ஏவுதளம் இங்கிருந்து நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர். மொட்டை மாடியில் நின்றால் தெரியுமா?

ப: தெரியும், ஆனால் கிளம்பிய உடனே தெரியாது. பூமி வளைவு கொஞ்ச உயரத்தை மறைத்துவிடும். மறைகிற உயரத்தைக் கண்டுபிடிக்க, தூரத்தை கி.மீ.யில் எடுத்து அதை அதனாலேயே பெருக்கி, 12,742ஆல் வகுக்க வேண்டும். (அது பூமியின் விட்டம்.) 100 கி.மீ.க்கு 0.8 கி.மீ. வருகிறது, 200க்கு 3.1, 300க்கு 7, 500க்குக் கிட்டத்தட்ட 20. அந்த உயரத்தை ராக்கெட் தாண்டினால்தான் தொடுவானத்துக்கு மேலே தலைகாட்டும்.

நடைமுறையில் தொடுவானம் வரை யாருக்கும் தெரிவதில்லை. எதிர்வீடும் மரமும் 3 டிகிரி மறைத்தால் (நீட்டிய கையில் மூன்று சுண்டுவிரல் அகலம்) 100 கி.மீ.யில் அது இன்னொரு 5 கி.மீ. ஆக ராக்கெட் 6 கி.மீ. ஏறியபின்தான் கண்ணில் படும். அதற்கு ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். ஆகவே கவுண்ட்டவுன் முடிந்ததும் எதுவும் தெரியவில்லையே என்று கீழே இறங்கிவிடாதீர்கள். கிளம்பி இரண்டு மூன்று நிமிடம் வரை அந்தத் திசையிலேயே கண் இருக்கட்டும்.

திசைதான் பெரிய விஷயம். தளம் இருக்கும் திசையையே வெறித்துக்கொண்டிருந்து கோட்டைவிடுகிறவர்கள் அதிகம். புவிநிலைச் சுற்றுப்பாதைக்கு (செயற்கைக்கோள் பூமியோடு சேர்ந்தே சுற்றி, வானத்தில் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும் பாதை) போகும் ராக்கெட் கிழக்கே போகும். துருவங்களைத் தாண்டிச் சுற்றி பூமியைப் படமெடுக்கும் தொலையுணர்வு செயற்கைக்கோள் என்றால் தெற்கே அல்லது வடக்கே. ஃபுளோரிடாவிலிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்துக்குக் கிளம்புவது வடகிழக்காகக் கரையோரமாகவே போவதால் பல மாநிலங்களில் தெரியும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் பிஎஸ்எல்வி நேராகத் தெற்கே போக முடியாது, வழியில் இலங்கை இருக்கிறது. முதலில் தென்கிழக்கே போய்ப் பிறகு தெற்கே வளைகிறது. அப்படி வளைவதில் வீணாகும் எரிபொருளை மிச்சம் பிடிக்கத்தான் குலசேகரப்பட்டினத்தில் சிறிய ராக்கெட்டுகளுக்குத் தனித் தளம் கட்டுகிறார்கள்.

ராக்கெட் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்தில் நிற்பவருக்கு அது வானத்தில் உயரமாக, நெடுநேரம் தெரியும். எதிர்ப்பக்கம் நிற்பவருக்குச் சட்டென்று சிறுத்து மறையும். நீட்டிய கையில் விரல்களை மடக்கி முட்டியாக்கினால் ஒரு முட்டியின் அகலம் 10 டிகிரி. 100 கி.மீ. தள்ளி, 50 கி.மீ. உயரத்தில் உள்ள ராக்கெட் தொடுவானத்திலிருந்து இரண்டரை முட்டி உயரத்தில் இருக்கும். எங்கே பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே கையால் அளந்துவைத்துக்கொள்ளலாம்.

கே: ஏவும் தேதியை அறிவித்துவிட்டார்கள். டிக்கெட் போட்டுவிடலாமா?

ப: போடலாம். ஆனால் ரத்து செய்யக்கூடிய டிக்கெட்டாக, குறைந்தது மூன்று நாள் கையில் வைத்துக்கொண்டு போடுங்கள். அறிவித்த தேதி என்பது 'அதற்கு முன்னால் இல்லை' என்பதுதான்.

சந்திரயான்-2 ஏவுதல் 2019 ஜூலை 15 அதிகாலை 2.51க்கு என்று இருந்தது. 56 நிமிடம் மீதி இருக்கும்போது நிறுத்தினார்கள். கிளம்பியது ஜூலை 22 பிற்பகல் 2.43க்கு. நாசாவின் ஆர்ட்டெமிஸ்-1 2022 ஆகஸ்ட் 29, செப்டம்பர் 3 என்று இரண்டு முறை நின்று, கடைசியில் நவம்பர் 16ஆம் தேதிதான் போனது. ககன்யானுக்கான முதல் சோதனை ராக்கெட் 2023 அக்டோபர் 21 அன்று 5 விநாடி இருக்கும்போது கணினியால் நிறுத்தப்பட்டது. கூட்டம் கலைய ஆரம்பித்திருக்கும் நேரத்தில், காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்து அன்று காலை 10 மணிக்கே ஏவிவிட்டார்கள். ஆகவே 'நின்றுவிட்டது' என்று கேட்டதும் வண்டியை எடுக்க வேண்டாம். 'இன்று இல்லை' என்ற அறிவிப்பு வரும் வரை இருங்கள்.

அன்றைக்கே திரும்ப முயல்வார்களா என்பதை நீங்களே ஓரளவு ஊகிக்கலாம். இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, அன்று ஏவுவதற்கு எவ்வளவு நேரம் இடம் இருக்கிறது என்பது. விண்வெளி நிலையத்துக்குப் போகும் ராக்கெட்டுக்கு ஒரு நாளில் ஒரே ஒரு நொடிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்தின் பாதை ஏவுதளத்துக்கு நேர்மேலே வரும் நொடி அது. தவறினால் அன்று அவ்வளவுதான். மறுநாள் அந்த நேரம் சுமார் 20 முதல் 25 நிமிடம் முன்னதாக வரும். புவிநிலைப் பாதைக்குப் போவதென்றால் பெரும்பாலும் மணிக்கணக்கில் இடம் உண்டு. மழை விடும் வரைகூடக் காத்திருப்பார்கள்.

இரண்டாவது எரிபொருள். திட எரிபொருள் ராக்கெட்டில் அது ஏற்கெனவே உறைந்து உள்ளேதான் இருக்கிறது. திரவ ஆக்சிஜன், ஹைட்ரஜன் என்றால் ஏற்றிய நேரத்திலிருந்தே சூடேறி ஆவியாகிக்கொண்டிருக்கும். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன்-9 வழக்கத்தைவிடக் குளிர்ந்த ஆக்சிஜனைப் பயன்படுத்துவதால் கிளம்ப 35 நிமிடம் இருக்கும்போதுதான் ராக்கெட்டின் அடிப்பகுதியில் (முதல் கட்டம்) ஏற்றவே தொடங்குவார்கள். ஏற்றியபின் நிறுத்தினால் அது சூடேறிவிடும். எல்லாவற்றையும் இறக்கித் திரும்ப ஏற்ற வேண்டும். அதனால் ஏற்றத் தொடங்குவதற்கு முன்னால் ஏற்பட்ட தாமதம் என்றால் நம்பிக்கையோடு இருக்கலாம். பின்னால் என்றால் அன்று பெரும்பாலும் இல்லை.

ஒரு சின்னக் குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். அறிவிப்பில் 'டி மைனஸ்', 'எல் மைனஸ்' என்று இரண்டு கணக்கு வரும். எல் என்பது நிஜக் கடிகாரம். டி என்பது வேலைப்பட்டியலின் கடிகாரம். சரிபார்ப்புக்காக அதை முன்கூட்டியே திட்டமிட்டு நடுநடுவே நிறுத்திவைப்பார்கள். டி 10 நிமிடத்தில் நின்றிருந்தால் அது கோளாறாக இருக்க வேண்டும் என்பதில்லை.

கே: பார்க்க அனுமதி வாங்க வேண்டுமா?

ப: தளத்துக்குத் தளம் வேறுபடும். ஸ்ரீஹரிகோட்டாவில் 2019 முதல் பொதுமக்களுக்கான பார்வையாளர் மாடம் இருக்கிறது. ஒவ்வொரு ஏவுதலுக்கும் தனித்தனியாக இணையத்தில் முன்பதிவு. அரசு அடையாள அட்டை கட்டாயம். பதிவு திறந்த சிறிது நேரத்திலேயே நிரம்பிவிடுவதால், அறிவிப்பு வருகிற வாரத்தில் தினமும் பார்க்க வேண்டும். பதிவில் கொடுத்த அதே அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். ஃபுளோரிடாவில் கடற்கரைப் பூங்காக்களிலிருந்தும் ஆற்றங்கரையிலிருந்தும் அனுமதியில்லாமலே பார்க்கலாம். சில கடற்கரைகளை ராக்கெட்டைப் பொறுத்து மூடிவிடுவார்கள், முதல் நாள் விசாரித்துக்கொள்வது நல்லது. டிரோன் எங்கேயும் கூடாது.

படகில் போய்க் கிட்ட நின்று பார்க்கலாமா என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். விலக்கப்பட்ட கடற்பகுதியில் ஒரு படகு நுழைந்தாலும் ஏவுதல் நின்றுவிடும். 2022 ஜனவரி 30 அன்று ஃபுளோரிடாவில் ஒரு சொகுசுக் கப்பல் அப்படி உள்ளே வந்ததால் ஃபால்கன்-9 மறுநாளைக்குப் போனது.

கே: செல்போனில் நேரலையை வைத்துக்கொண்டு கவுண்ட்டவுன் பார்க்கலாம் அல்லவா?

ப: அதுதான் கூடாது. நேரலைப் படம் உங்கள் கைக்கு வந்து சேர 10 முதல் 30 விநாடி, சில நேரம் அதற்கு மேலும் தாமதமாகிறது. போனில் 'பத்து, ஒன்பது' என்று எண்ணும்போது எதிரே ராக்கெட் கோபுரத்தைத் தாண்டியிருக்கும். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே இடத்தில் கூடினால் நெட்வொர்க்கும் திணறும். முதல் நாளே போனின் கடிகாரம் தானியங்கி நேரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏவும் நேரத்தை விநாடியோடு குறித்துக்கொண்டு கடிகாரத்தை நம்புங்கள். மாடத்தில் ஒலிபெருக்கி இருந்தால் அதைக் கேளுங்கள்.

கண்ணாலும் சில அறிகுறிகள் தெரியும். திரவ ஆக்சிஜன் உள்ள ராக்கெட்டின் பக்கவாட்டில் வெண்ணிற ஆவி வழிந்துகொண்டே இருக்கும். கடைசி நிமிடங்களில் தொட்டிகளை மூடி அழுத்தம் ஏற்றுவார்கள். அப்போது அந்த ஆவி நின்றுவிடும். நின்றதென்றால் தலையைக் குனியாதீர்கள். திரவ எஞ்சின்கள் ராக்கெட் நகர்வதற்குச் சில விநாடி முன்பே பற்றவைக்கப்படும், அவை சரியாக எரிகின்றனவா என்று பார்த்துத்தான் விடுவார்கள். பிஎஸ்எல்வி போலத் திட எரிபொருளில் கிளம்புவது அப்படியில்லை. பற்றியதும் பாய்ச்சல்தான்.

கே: மேகமாக இருந்தால் ஏவமாட்டார்களா? ஏவினால் நமக்குத் தெரியுமா?

ப: இரண்டும் வேறு வேறு கேள்வி. மேகம் ராக்கெட்டுக்குப் பிரச்சினை இல்லை. மேகத்தில் உள்ள மின்னூட்டம்தான் பிரச்சினை. நீண்ட சுடர் மின்கம்பி போல வேலை செய்து, தானாக விழாத மின்னலையும் இழுத்துவிடும். 1969 நவம்பர் 14 அன்று நிலாவுக்குக் கிளம்பிய அப்போலோ-12 மழைமேகத்துக்குள் நுழைந்தபோது 36ஆவது விநாடியிலும் 52ஆவது விநாடியிலும் மின்னல் தாக்கியது. இன்றைய வானிலை விதிகள் இவ்வளவு கடுமையாக இருப்பதற்கு அந்த அனுபவம் ஒரு காரணம். இன்னொரு எதிரி கண்ணுக்கே தெரியாது. 10, 12 கி.மீ. உயரத்தில் வீசும் பலத்த காற்று அது. கீழே பளிச்சென்று வெயில் அடிக்கும்போது வானிலை காரணமாக நிறுத்தினால் திட்டாதீர்கள். மறுபுறம், ரஷ்ய சோயுஸ் ராக்கெட் கஜகஸ்தானின் பைகோனூர் தளத்தில் கொட்டும் பனியில்கூடக் கிளம்பியிருக்கிறது.

நமக்குத் தெரியுமா என்றால், மேகத்தின் அடிப்பகுதி எவ்வளவு உயரம் என்று பாருங்கள். விமான நிலைய வானிலைக் குறிப்புகளில் இருக்கும். 600 மீட்டர் என்றால் பிஎஸ்எல்வி பத்து விநாடி அளவிலேயே உள்ளே போய்விடும். 12 கி.மீ. தள்ளி நிற்பவருக்கு அது மறைந்து 25 விநாடி கழித்துத்தான் சத்தமே வரும். மேகம் உள்ளிருந்து ஒரு கணம் மஞ்சளாக ஒளிர்வதைப் பார்த்துவிட்டு, மீதியைக் காதால்தான் பார்க்க வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் திட்டுத்திட்டாக இருந்தால் கவலை வேண்டாம்.

கே: பகலா, இரவா, எது நல்ல காட்சி?

ப: இரண்டும் இல்லை; அந்திதான். சூரியன் மறைந்து அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள், அல்லது உதிப்பதற்கு அதே அளவு முன்னால். நாம் நிற்கும் தரை இருட்டில் இருக்கும். ராக்கெட் மேலேறி வெயிலுக்குள் நுழையும். அங்கே காற்று ஏறக்குறைய இல்லாததால் புகை கட்டுப்பாடின்றி விரிந்து, சூரிய ஒளியில் நீலமும் வெள்ளையுமாக ஜெல்லி மீன் போல மிதக்கும். 2017 டிசம்பர் 22 மாலை கலிஃபோர்னியாவின் வாண்டன்பெர்க் ஏவுதளத்திலிருந்து கிளம்பிய ஃபால்கன்-9ஐப் பார்த்து லாஸ் ஏஞ்சலீஸ் மக்கள் வேற்றுக்கிரக வண்டியோ என்று மிரண்டது இதனால்தான்.

அடுத்தது இரவு. தூரத்தில் இருப்பவர்களுக்கு இரவுதான் வசதி. பகலில் 200 கி.மீ. தள்ளித் தெரியாதது இரவில் தெரியும். பகலின் லாபம் புகைத்தடம். ராக்கெட் போனபின்னும் அது நெடுநேரம் நிற்கும், வெவ்வேறு உயரக் காற்று அதைக் கோணல்மாணலாக இழுப்பதைப் பார்க்கலாம்.

கே: ஒரு ராக்கெட் கண்ணைப் பறிக்கிறது, இன்னொன்றில் சுடரே தெரிவதில்லை. ஏன்?

ப: எரிபொருள்தான் காரணம். திட எரிபொருளில் அலுமினியத் தூள் கலந்திருக்கிறது. அது எரிந்து ஆக்சைடு துகள்களாகி வெண்மையாகக் கொதித்து ஒளிரும், கெட்டியான வெண்புகையும் விடும். மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் புகைக்கரி ஒளிர்வதால் ஆரஞ்சு மஞ்சள். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரிந்தால் வெறும் நீராவி. பகலில் மெல்லிய நீலச் சாயல்தான். இஸ்ரோவின் பெரிய ராக்கெட்டான எல்விஎம்-3ஐப் பார்க்கும்போது இது நன்றாகப் புரியும். இரு பக்கமும் கட்டிய திட எரிபொருள் பூஸ்டர்கள் (கூடுதல் உந்துதல் தரும் ராக்கெட்டுகள்) எரியும்வரை கண் கூசும். இரண்டு நிமிடத்தைத் தாண்டியதும் அவை கழன்று விழ, யாரோ விளக்கை அணைத்தது போல இருக்கும். ராக்கெட் நின்றுபோகவில்லை, நடுவிலுள்ள திரவ எஞ்சின்கள் மங்கலாக எரிந்துகொண்டிருக்கின்றன. பைனாகுலர் வைத்திருப்பவர் மட்டும் தொடரலாம்.

கே: எந்த பைனாகுலர்?

ப: 7×50 அல்லது 10×50. (முதல் எண் எத்தனை மடங்கு பெருக்கம் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம் மி.மீ.யில்.) அதற்கு மேல் பெருக்கம் போனால் கைநடுக்கமும் சேர்ந்து பெருகும், வேகமாக ஏறுவதைப் பின்தொடரவும் முடியாது. முதல் அரை நிமிடம் வெறும் கண்ணால் பாருங்கள். பிறகு எடுத்தால் பூஸ்டர்கள் பிரிவது தனித்தனிப் புள்ளிகளாகத் தெரியும். பாதை சூரியனுக்குப் பக்கத்தில் போகும் என்றால் பைனாகுலரைத் தொடவே வேண்டாம். கேமரா வியூஃபைண்டருக்கும் அதேதான்.

கே: நல்ல படம் எடுக்க என்ன செட்டிங்?

ப: முதலில் செல்போன்காரர்களுக்கு. 10 கி.மீ.யில் நிற்கும் பிஎஸ்எல்வி, போனின் சாதாரண கேமராவில் படத்தின் உயரத்தில் முந்நூறில் ஒரு பங்குதான் வரும். அதைப் பெரிதாக்கிப் போராடாதீர்கள். போனை நிமிர்த்திச் சிறிய ஸ்டாண்டில் வையுங்கள். பகலில் ஏவுதளத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டி, வெளிச்சத்தை ஒரு படி குறையுங்கள். ஒரு நிமிடம் முன்பே வீடியோவை ஓடவிட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். சட்டகத்தில் கீழ்ப்பகுதியில் தளமும் மேலே நிறைய வானமும் இருக்கட்டும். படத்தில் பக்கத்தில் நிற்பவர்களின் கூச்சலும், அரை நிமிடம் கழித்து வரும் உறுமலும் சேர்ந்து பதிவாகும். அதுதான் பின்னாளில் பார்க்க நன்றாக இருக்கிறது.

கேமராவில் பகலில்: மேனுவல் முறை, ஷட்டர் 1/1000 விநாடி அல்லது அதைவிட வேகமாக, எஃப் 8, ஐஎஸ்ஓ 100 முதல் 400. ஒளியளவைத் தானியங்கியில் விட்டால் சுடரைப் பார்த்ததும் கேமரா குழம்பி வானத்தைக் கறுப்பாக்கும், அல்லது சுடரை வெள்ளைத் திட்டாக்கும். ஃபோகஸைத் தளத்தின் கோபுரத்தில் வைத்து மேனுவலுக்கு மாற்றி, வளையத்தின்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். லென்ஸை எவ்வளவு நீளமாக வாங்குவது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. லென்ஸ் மி.மீ.யை ராக்கெட் உயரத்தால் பெருக்கித் தூரத்தால் வகுங்கள். உயரமும் தூரமும் மீட்டரில். 600 மி.மீ., 44 மீட்டர், 10,000 மீட்டர் என்றால் சென்சாரில் 2.6 மி.மீ. கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் முழுச்சட்டக (ஃபுல் ஃபிரேம்) சென்சாரின் உயரம் 36 மி.மீ. அவ்வளவு கனமான லென்ஸைத் தூக்கியும் இதுதான் கிடைக்கும் என்று தெரிந்தே தூக்குங்கள். வெயில் ஏறிய தரைக்கு மேலே காற்று நெளிவதால் 10 மணிக்குப் பிறகு அந்தச் சின்ன உருவமும் குழம்பும்.

இரவில் ஒளிக்கோடு எடுப்பதுதான் சாதாரண கேமராவுக்கும் எளிது, பார்க்கவும் அழகு. டிரைபாட், 16 முதல் 24 மி.மீ. லென்ஸ், பல்ப் முறை (பொத்தானை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும்), பூட்டக்கூடிய ரிமோட். ஐஎஸ்ஓ 100. மண்ணெண்ணெய் ராக்கெட்டுக்கு எஃப் 8 முதல் 11, திட பூஸ்டர் என்றால் எஃப் 16 முதல் 22. கிளம்பும் நொடியில் திறந்து, இரண்டு முதல் நான்கு நிமிடம் கழித்து மூடுங்கள். சொதப்புவது பெரும்பாலும் மூன்று இடத்தில். லென்ஸின் நடுக்க எதிர்ப்பை அணைக்க மறந்தால் டிரைபாட்டில் அதுவே நடுக்கத்தை உண்டாக்கும். 'லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன்' (நீண்டநேரப் படத்தின் புள்ளிகளை நீக்கும் வசதி) என்பதை அணைக்காவிட்டால் நான்கு நிமிடப் படத்துக்கு இன்னொரு நான்கு நிமிடம் கேமரா பூட்டிக்கொள்ளும். மூன்றாவது பனி: கடலோரத்தில் இரண்டு மணி நேரம் காத்திருக்கும்போது லென்ஸ் முகத்தில் ஈரம் படியும், பத்து நிமிடம் முன்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். ராக்கெட் எந்தப் பக்கம் சாயுமோ அந்தப் பக்கத்தில் சட்டகத்தில் இடம் விடுவதை மறக்க வேண்டாம். அழகான வில் பாதியில் வெட்டுப்பட்ட படங்கள்தான் அதிகம்.

கே: கைக்குழந்தையைக் கூட்டிப்போகலாமா? காது பாதிக்குமா?

ப: பொதுமக்களுக்கான தூரத்தில் பெரியவர்களுக்குக் காதடைப்பு தேவைப்படுவது அபூர்வம். கைக்குழந்தைக்குப் பஞ்சு வைக்க வேண்டாம், தலையில் மாட்டும் காதுக்கவசம் வாங்குங்கள். ஒரு வாரம் முன்பே வீட்டில் மாட்டிப் பழக்கினால்தான் அன்று கழற்றி எறியாது. சத்தத்தைவிடக் குழந்தையைப் படுத்துவது காத்திருப்பு. மூன்று மணி நேரம் வெயிலில் என்றால் நிழல், தண்ணீர், கழிப்பறை எங்கே என்பதெல்லாம் முதலில் பார்க்க வேண்டியவை. நாயைக் கூட்டிப்போகாதீர்கள்.

கே: வெடித்துவிட்டால்?

ப: பார்வையாளர் இடம் அதைக் கணக்கில் வைத்துத்தான் போடப்பட்டிருக்கிறது. 2014 அக்டோபர் 28 அன்று அமெரிக்காவின் வாலப்ஸ் தீவில் அன்டாரஸ் ராக்கெட் கிளம்பிய சில விநாடிகளில் விழுந்து வெடித்தது, யாருக்கும் காயமில்லை. அதற்கு முதல் நாள் ஏவுதல் நின்றது எதற்காகத் தெரியுமா? விலக்கப்பட்ட கடற்பகுதியில் ஒரு படகு வந்துவிட்டதற்காக.

வெடிப்பைக் கண்டால் அதிர்ச்சி அலை வந்து சேர கி.மீ.க்கு 3 விநாடி அவகாசம் இருக்கிறது. கண்ணாடி ஜன்னல், கார்க் கண்ணாடி பக்கத்திலிருந்து விலகி, முதுகைக் காட்டி, காதைப் பொத்திக்கொண்டு உட்காருங்கள். பிறகு புகை வரும் திசையைப் பாருங்கள். சில ராக்கெட்டுகளில் உள்ள நைட்ரஜன் டெட்ராக்சைடு செம்பழுப்பு மேகமாக வரும்; கடும் நச்சு. காற்றோடு ஓடினால் புகையும் கூடவே வரும். காற்றுக்குக் குறுக்காக விலகுங்கள், காவலர் காட்டும் வழியில். வெடிக்காத நாளிலும் தூசி வரலாம்: 2023 ஏப்ரல் 20 அன்று ஸ்பேஸ்எக்ஸின் ராட்சத ராக்கெட்டான ஸ்டார்ஷிப் முதல்முறை கிளம்பியபோது தளத்தின் கான்கிரீட்டே பெயர்ந்து, ஏறக்குறைய 10 கி.மீ. தள்ளியிருந்த ஊரில் மணல் போன்ற துகள் விழுந்தது.

கே: ராக்கெட் மறைந்ததும் கிளம்பிவிடலாமா?

ப: பூஸ்டர் தரைக்குத் திரும்பும் ஃபால்கன் வகை என்றால் கிளம்பாதீர்கள். சுமார் 8 நிமிடத்தில் அது திரும்பி வரும். இறங்கும் நேரத்தில், வேட்டுப்போல அடுத்தடுத்துச் சில வெடிச்சத்தம். கோளாறு இல்லை, ஒலியைவிட வேகமாக வந்ததன் அதிர்வு. பூஸ்டர் கடலில் உள்ள மிதவையில் இறங்கும் நாளில் இது கிடையாது. எது என்று முன்பே அறிவித்துவிடுவார்கள். மற்ற ராக்கெட்டுகளுக்கும் பத்து நிமிடம் உட்கார்ந்து புகைத்தடம் கலைவதைப் பாருங்கள். எப்படியும் முதலில் ஓடியவர்களின் வண்டிகள் வாசலில்தான் நின்றுகொண்டிருக்கும்.